ஆளுக்கொரு கெடு: பிரசவத்துக்குப் பதினொரு வாரம் இருக்கையில் காப்பீடு மாறிய ஒரு குடும்பம்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் கணவருக்கு அன்று காலை வேலை போனது. பதினைந்து நிமிட வீடியோ அழைப்பில் செய்தியைச் சொல்லி முடித்தார்கள். மதியத்துக்குள் அலுவலக மடிக்கணினி பூட்டிக்கொண்டது. அவர் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர், மனைவி அதைச் சார்ந்த எச்-4. மனைவிக்கு அப்போது 29-ஆவது வாரம், தலைப்பிரசவம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அந்தப் பெண் என்னை அழைத்தார். விசாவைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். "அக்கா, எங்கள் இன்ஷூரன்ஸ் இன்றைக்கே முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

நான் காப்பீட்டு முகவர் அல்ல. வேலை போவதை இரண்டு முறை எங்கள் வீட்டிலேயே பார்த்தவள். அந்த அனுபவத்தில், எங்கள் பகுதிக் குடும்பங்கள் இந்தப் படிவங்களை நிரப்பும்போது பக்கத்தில் உட்காருகிறேன். இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு அவர்களுடைய மூன்று மாதக் கணக்கை இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் நிறுவனங்களையும் விட்டுவிட்டேன். தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

முதல் வேலை: தேதிகளை எழுதிவைப்பது

வேலை முடியும் நாளும் காப்பீடு முடியும் நாளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சில நிறுவனங்களில் அன்றைக்கே நின்றுவிடும், வேறு சிலவற்றில் மாதக் கடைசிவரை ஓடும். இவர்களுக்கு ஆகஸ்ட் 31 வரை இருந்தது. அது தெரிந்ததும் ஒரு நாட்குறிப்பேட்டின் பின்பக்கத்தில் தேதிகளை எழுதினோம்.

வேலை போன எச்-1பி ஊழியர் நாட்டில் இருக்கக் கிடைக்கும் சலுகைக்காலம், வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அக்டோபர் 8-க்குள் புதிய நிறுவனம் மனு செய்தாக வேண்டும். தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசின் இணையச் சந்தையான ஹெல்த்கேர் டாட் கவ்-வின் சிறப்புச் சேர்க்கைக் காலமும் (ஆண்டின் நடுவில் சேர அனுமதிக்கும் காலம்) 60 நாள்தான். ஆனால் அதைக் காப்பீடு முடியும் நாளிலிருந்து எண்ண வேண்டும், அக்டோபர் 30 வரை வரும். இரண்டும் 60 என்பதால் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விசாக் கெடு முடிந்ததும் காப்பீட்டுக் கெடுவும் முடிந்துவிட்டதென்று நினைத்து, மூன்று வாரம் கையில் இருந்தும் முயலாமல் விட்ட ஒருவரையும் தெரியும்.

மூன்றாவது கெடு கோப்ராவுடையது. 1985-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தின் காப்பீட்டை வேலை போன பிறகும் பொதுவாக 18 மாதம் நீட்டித்துக்கொள்ளலாம். இதுவரை நிறுவனம் கட்டிவந்த பங்கையும் நாமே கட்ட வேண்டும், மேலே இரண்டு விழுக்காடு நிர்வாகச் செலவு சேரும். சம்மதம் தெரிவிக்க 60 நாள் அவகாசம். காப்பீடு முடிந்த நாள், அறிவிப்பு அனுப்பப்பட்ட நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். இவர்களுக்கு அறிவிப்பு செப்டம்பர் 6 தேதியிட்டு வந்தது. ஆக, நவம்பர் 5.

கர்ப்பம் மட்டுமே காரணம் என்றால் ஹெல்த்கேர் டாட் கவ்-வில் சிறப்புச் சேர்க்கை கிடையாது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் சொந்தச் சந்தையில் கொடுக்கின்றன, டெக்சஸில் இல்லை. குழந்தை பிறந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். இப்போது இவர்களுக்குத் திறந்திருந்தது வேலையோடு சேர்ந்து காப்பீடு போனதால்தான்.

சனிக்கிழமை காலைக்குள் அக்கம்பக்கத்து யோசனைகள் வந்து குவிந்தன. ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது எடுப்போமே, அந்தப் பயணிகள் காப்பீட்டை வாங்கிவிடுங்கள், மாதம் நூறு டாலர்தான் என்று ஒருவர் சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான். அந்தப் பாலிசியின் விதிமுறைத் தாளை வாங்கி நானும் அந்தப் பெண்ணும் படித்தோம். விலக்குகளின் பட்டியலில் கர்ப்பமும் பிரசவமும் இருந்தன. அவர் அந்த வரியை விரலால் தொட்டுவிட்டு, தாளை மடித்து வைத்தார்.

ஏன் எல்லோரும் ஒன்றாக மாறவில்லை

இரண்டு பேருக்கும் கோப்ரா எடுத்தால் மாதம் 1,490 டாலர். சம்பளம் நின்ற வீட்டில் அந்தத் தொகையைப் பார்த்ததும் கணவர், "சந்தைத் திட்டத்துக்கே இரண்டு பேரும் போய்விடுவோம்" என்றார். அவர் பார்த்துவைத்திருந்த வெள்ளித் திட்டத்தில் (சந்தைத் திட்டங்களை வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று வகுத்திருக்கிறார்கள்) மனைவியின் பிரீமியம் 430. பார்வைக்கு மலிவுதான்.

பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் நம்மவர்கள் இந்த இடத்தில் செய்யும் பெரிய தவறு என்பேன். ஆண்டின் நடுவில் திட்டம் மாறினால், அதுவரை கட்டிய டிடக்டிபிள் கணக்கு புதிய திட்டத்துக்கு வராது. காப்பீடு கைகொடுக்கத் தொடங்கும்முன் நாம் கட்டவேண்டிய தொகை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஆண்டுக்கு இதற்குமேல் நாம் கட்டத் தேவையில்லை என்னும் உச்சவரம்பும் அப்படியே.

அந்தப் பெண்ணின் பழைய திட்டத்தில் தனிநபர் உச்சவரம்பு 4,000 டாலர். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சர்க்கரைக்கான சிறப்பு மருத்துவர் எல்லாம் சேர்த்து ஆகஸ்ட்டுக்குள் 2,900 கட்டியிருந்தார். பாக்கி 1,100. பிரசவம் எத்தனை ஆயிரத்துக்குப் போனாலும், நெட்வொர்க்குக்குள், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர், மருத்துவமனைக்குள், இருக்கும்வரை அவர் கையிலிருந்து போவது அதிகபட்சம் அவ்வளவுதான். வெள்ளித் திட்டத்தின் உச்சவரம்பு 8,900. அந்த ஆண்டு சட்டம் அனுமதித்த எல்லை 9,450, அதற்குள் இருப்பதால் அதில் விதிமீறல் எதுவும் இல்லை. மருத்துவமனைப் பிரசவம் அந்தத் தொகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

அவருடைய மருத்துவரும் மருத்துவமனையும் அந்த வெள்ளித் திட்டத்தின் நெட்வொர்க்கில் இல்லை. டெக்சஸில் தனிநபர்களுக்குக் கிடைக்கும் திட்டங்கள் பெரும்பாலும் குறுகிய நெட்வொர்க் கொண்டவை. ஏழாம் மாதத்தில் புதிய மருத்துவரைத் தேடி அலைவதைப் பணத்தால் அளக்க முடியாது.

அப்போதுதான் கோப்ரா படிவத்தின் நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு சிறு பெட்டியைக் காட்டினேன். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேர்வு செய்யும் உரிமை உண்டு. ஊழியர் எடுக்காமல் மனைவி மட்டும் எடுக்கலாம், குழந்தை மட்டும் எடுக்கலாம். மனிதவளத் துறைக்காரர்கள் இதைத் தாங்களாகச் சொல்வதை நான் கண்டதே இல்லை. 'ஊழியரும் துணையும்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு அனுப்பியிருந்த படிவங்களைத்தான் கண்டிருக்கிறேன்.

மனைவி மட்டும் என்றால் மாதம் 712. இரண்டு மாதத்துக்கு 1,424, பாக்கி உச்சவரம்பு 1,100. மொத்தம் 2,524. வெள்ளித் திட்டத்துக்குப் போயிருந்தால் பிரீமியம் 860, செலவு 8,900 வரை, ஆக 9,760 வரை போயிருக்கும். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபின் பேச்சுக்கு இடமில்லை.

கணவருக்கு மட்டும் சந்தையில் ஒரு வெண்கலத் திட்டம், மாதம் 340. பிரீமியத்தைக் குறைக்கும் வரிச்சலுகை கிடைக்குமா என்று பார்த்தோம். எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களும் சந்தையில் சேரலாம், 2024-இல் வருமானத்தைப் பொறுத்து வரிச்சலுகையும் பெற முடிந்தது. ஆனால் கணக்கு முழு ஆண்டு வருமானத்தை வைத்து. அதுவரை வாங்கிய சம்பளமே சலுகை கிடைக்காத அளவுக்கு இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. (இதைப் படிக்கும் விசாக்காரர்களுக்கு ஒன்று: 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2027 முதல் எச்-1பி போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்களுக்கு அந்த வரிச்சலுகை இல்லை. பழைய ஆலோசனைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.)

கடிதத்தில் இல்லாத ஒரு தேதி

கணவரின் திட்டத்தை ஆகஸ்ட் 27 அன்று தேர்வு செய்தோம். காப்பீடு முடிவதற்கு முன்பே தேர்வு செய்ததால், முடிந்த மறுநாள், செப்டம்பர் 1 அன்று, புதியது தொடங்கியது. செப்டம்பர் முதல் வாரத்தில் உட்கார்ந்திருந்தால் அக்டோபர் 1-தான். கெடு 60 நாள் இருந்தாலும் கடைசிவரை காத்திருப்பவருக்கு நடுவில் ஓட்டை விழும்.

தேர்வு செய்த பின் ஆதாரம் அனுப்ப 30 நாள். அவர் முன்னாள் நிறுவனம் கொடுத்த கடிதத்தைப் பதிவேற்றினார். ஒரு வாரத்தில், போதாது என்று பதில் வந்தது. கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "பணி நிறைவு: ஆகஸ்ட் 9" என்று இருந்தது. காப்பீடு எந்த நாளோடு முடிகிறது என்ற வரியே இல்லை. வேலை போனதற்கான சான்றை அனுப்பியிருந்தோம், அவர்களுக்கு வேண்டியது காப்பீடு போனதற்கான சான்று. காப்பீட்டு நிறுவனத்தின் இணையக் கணக்கிலிருந்தே, "காப்பீட்டின் கடைசி நாள் 31 ஆகஸ்ட் 2024" என்று அச்சிட்ட ஒரு பக்கக் கடிதம் கிடைத்தது. அதை அனுப்பினோம், இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார்கள்.

மனைவியின் பக்கம் இதைவிடச் சிரமமாக இருந்தது. கோப்ரா அறிவிப்பு வந்த கையோடு செப்டம்பர் 10 அன்று ஒப்புதல் கொடுத்துப் பணமும் கட்டினார். சட்டப்படி அது செப்டம்பர் 1-லிருந்தே செல்லும். 12-ஆம் தேதி ஸ்கேனுக்குப் போனபோது முன்மேசையில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினார்: காப்பீடு செயலில் இல்லை. பணம் கட்டியதற்கும் காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் பெயர் மீண்டும் ஏறுவதற்கும் இடையில் சில நாள் பிடிக்கும், அந்த இடைவெளியில் போய் மாட்டியிருந்தார். என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரல் நடுங்கியது. கோப்ரா நிர்வாகத்தின் எண்ணை முன்மேசைப் பெண்ணுக்கே கொடுத்துப் பேசச் சொன்னோம். பணம் வந்துசேர்ந்தது என்று கோப்ரா நிர்வாகம் உறுதி சொன்ன பிறகும் முன்மேசையில் 300 டாலர் முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினார். ஸ்கேன் நடந்தது. அக்டோபரில் பணம் திரும்பி வந்தது. அன்றைக்கு அந்த 300 டாலர் கையில் இல்லாதவர் என்ன செய்திருப்பார் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

குழந்தைக்குத் தனி ரசீது

கணவருக்கு செப்டம்பர் இறுதியில் வேலை உறுதியானது. அக்டோபர் 3 அன்று விசா மனு போனது, கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு. 14-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். புதிய நிறுவனத்தின் காப்பீடு அடுத்த மாத முதல் தேதியில்தான் தொடங்கும், அதாவது நவம்பர் 1.

அக்டோபர் 19 அன்று பெண் குழந்தை பிறந்தது, குறித்த நாளுக்கு எட்டு நாள் முன்னதாக. தாய் நலம். குழந்தைக்கு மஞ்சள்காமாலை, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள்.

அமெரிக்க மருத்துவமனையில் பிறந்த நிமிடத்திலிருந்து குழந்தை தனி நோயாளி. தனி எண், தனி ரசீது. தாயின் உச்சவரம்பு நிரம்பியிருப்பது குழந்தைக்கு உதவாது. குழந்தையை நாம் ஏதாவதொரு காப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். நவம்பர் 1-க்கு முந்தைய பதின்மூன்று நாளுக்குப் புதிய நிறுவனத்தின் திட்டம் பொறுப்பேற்காது.

இரண்டு வழியை எடைபோட்டோம். அப்பாவின் வெண்கலத் திட்டத்தில் சேர்க்கலாம், அதற்குப் பிறந்த நாளிலிருந்து 60 நாள், டிசம்பர் 18 வரை அவகாசம். அம்மாவின் கோப்ராவில் சேர்க்கலாம், நிறுவனக் காப்பீட்டு விதிப்படி அதற்கு 30 நாள், நவம்பர் 18 வரை. எதில் சேர்த்தாலும் காப்பீடு பிறந்த நாளுக்கே பின்னோக்கிச் செல்லும். மற்ற நேரங்களில் என்ன நடக்கும் என்று தெரியாமலேயே காப்பீடு எடுக்கிறோம். பிறந்த குழந்தைக்கு மட்டும், என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய முடிகிறது. அவசரப்பட்டு முதல் நாளே ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். கெடுவை மட்டும் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் எழுதி ஒட்டச் சொன்னேன்.

நவம்பர் முதல் வாரத்தில் குழந்தையின் கணக்கு தெரிந்தது: காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனையோடு பேசிவைத்த விலைப்படி சுமார் 4,600 டாலர். வெண்கலத் திட்டத்தில் குழந்தைக்கான பிரீமியம் அந்தப் பதின்மூன்று நாளுக்குச் சுமார் 90 டாலர்தான். ஆனால் டிடக்டிபிள் 7,400. 4,600-ஐயும் அவர்களே கட்ட வேண்டும், ஆக 4,690. கோப்ராவில் குழந்தையைச் சேர்த்தால் அக்டோபர் பிரீமியம் 478 கூடும். டிடக்டிபிள் 1,500, மீதி 3,100-இல் அவர்கள் கட்டவேண்டிய ஐந்தில் ஒரு பங்கு 620. ஆக 2,598. முந்தையதைவிட 2,092 டாலர் குறைவு.

கையில் இருக்கும் வெண்கலத் திட்டத்தை விட்டு, குழந்தைக்காக எல்லோரும் தங்கத் திட்டத்துக்கு ஏறிக்கொள்ளலாமே என்று கணவர் கேட்டார். ஏற்கெனவே சந்தைத் திட்டத்தில் இருப்பவர் சிறப்புச் சேர்க்கையில் பொதுவாக அதே உலோக வகைக்குள்தான் மாற முடியும். நோய் வந்தபின் மேல் வகுப்புக்குத் தாவுவதைத் தடுக்க 2017-இல் கொண்டுவந்த விதி அது.

இதற்கிடையில் ஒரு வாரம் வீணானது. குழந்தைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் வந்தால்தான் சேர்க்க முடியும் என்று இருவரும் நம்பிக் காத்திருந்தார்கள். எண் இல்லாமலே சேர்க்கலாம், பிறகு கொடுத்தால் போதும். மருத்துவமனை கொடுத்த பிறப்புச் சான்றுத் தாளை வைத்து நவம்பர் 8 அன்று கோப்ராவில் சேர்த்தார்கள். புதிய நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் என்ற கெடு நவம்பர் 13 அன்று முடியவிருந்தது. 11-ஆம் தேதி இரவு மூவரின் பெயரையும் அதில் பதிந்தார்கள், காப்பீடு நவம்பர் 1-லிருந்து என்று.

தவறியதும், வேறு விதமாகச் செய்திருக்கக் கூடியதும்

கணவர் புதிய திட்டத்தில் சேர்ந்ததும் வெண்கலத் திட்டம் தானாக நின்றுவிடும் என்று நினைத்துவிட்டார். நிற்காது. சந்தைக் கணக்கில் நுழைந்து நாமே நிறுத்தச் சொல்ல வேண்டும், அதுவும் பின்தேதியிட்டு நிறுத்துவது அரிது. நவம்பர் பிரீமியம் 340 டாலர் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. அக்டோபர் கடைசி வாரத்தில் நான் நினைவூட்டியிருக்க வேண்டும். குழந்தையைப் பார்க்கப் போன மகிழ்ச்சியில் மறந்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன்.

கணவருக்கு வெண்கலத் திட்டமே தேவைப்பட்டதா என்றும் கேட்கலாம். கோப்ராவுக்கு அவருடைய கெடு நவம்பர் 5 வரை இருந்தது. ஏதாவது நேர்ந்தால் பின்தேதியிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று சும்மா இருந்திருந்தால் ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சம். சட்டம் அனுமதிக்கும் வழிதான், பலர் செய்கிறார்கள். ஆனால் அவர் நினைவின்றி மருத்துவமனையில் கிடந்தால், அந்தப் படிவத்தை நிரப்பி நிலுவைப் பிரீமியத்தை எல்லாம் கட்டவேண்டியவர் நிறைமாதக் கர்ப்பிணி. ஆகஸ்ட்டில் வேலை எப்போது கிடைக்கும் என்றும் தெரியாது. அந்தப் பணத்தை வீண் என்று நான் எண்ணவில்லை. அந்தப் பெண்ணும் எண்ணவில்லை.

வேலை கிடைக்காமல் போயிருந்தால்? குழந்தை பிறந்ததால் திறக்கும் 60 நாள் கதவை விட்டால், மனைவி கோப்ராவிலிருந்து இறங்க அடுத்த வாய்ப்பு நவம்பர் 1-இல் தொடங்கும் பொதுச் சேர்க்கைக் காலம், ஜனவரி 1-லிருந்து புதிய திட்டம். நடுவில் பணம் கட்டாமல் விட்டால் அதற்காகச் சந்தை திறக்காது. அதே ஆண்டு எங்கள் பகுதியிலேயே இன்னொரு குடும்பம் பிப்ரவரியில் நால்வருக்கும் கோப்ரா எடுத்து, கட்ட முடியாமல் ஜூனில் நிறுத்தியது. பணம் கட்டாததால் போன காப்பீடு சிறப்புச் சேர்க்கைக்குக் காரணமாகாது. தானாக விலகினாலும் ஆகாது. ஏப்ரல் இறுதிவரை அவர்களுக்கும் கதவு திறந்தே இருந்தது, யாரும் சொல்லவில்லை. டிசம்பர் முடியும்வரை இரண்டு பிள்ளைகளோடு காப்பீடு இல்லாமல் இருந்தார்கள். மகனுக்குக் கை முறிந்தது அந்த அக்டோபரில்.

ஃபிரிஸ்கோ குடும்பத்தின் மூன்று மாதச் செலவு, வீணான நவம்பர் பிரீமியம் உட்பட, 6,142 டாலர். குழந்தையின் சமூகப் பாதுகாப்பு அட்டை நவம்பர் 25 அன்று தபாலில் வந்தது. அதற்குள் நவம்பர் 13, நவம்பர் 18 ஆகிய இரண்டு கெடுவும் கடந்திருந்தன.